பிரசிடெண்டும் மன்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் அரசுத் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். வகுப்பு முடிந்து வண்டி நிறுத்தும் இடம் வரை கூடவே நடந்து வந்து கேட்பார்கள். புதுநத்தம் சாலை நூலகத்தில் பார்த்தால் அங்கேயும் நிறுத்திக் கேட்பார்கள். சிலர் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ கேட்கச் சொன்னதைக் கொண்டுவருவார்கள். நாட்டுத் தலைவர் ஒருவர், சட்டம் இயற்றும் மன்றம் ஒன்று, இவர்களில் யார் யாரைத் தடுக்கலாம் என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தேர்வுக்கு வேண்டியது இதில் இருக்கிறது, ஆனால் தேர்வுக்காக மட்டும் எழுதவில்லை. "முடியாது" என்று சொல்லும் அதிகாரத்தை யாருக்கு, எத்தனை நாளைக்குக் கொடுக்கிறோம் என்பதை வைத்துத்தான் ஓர் ஆட்சிமுறையை எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பதில்களில் அது தெரியும்.

"தடைகளும் சமநிலைகளும்" என்று புத்தகத்தில் இருக்கிறது. எத்தனை தடவை படித்தாலும் மனதில் நிற்கவில்லை சார்.

அமெரிக்காவில் தொடங்குவதால்தான் நிற்பதில்லை. உங்கள் ஊராட்சியில் தொடங்குங்கள். பிரசிடெண்டை ஊர் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வார்டு உறுப்பினருக்குத் தனி ஓட்டு. உறுப்பினர்கள் கூடித் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தெருவிளக்குக்கோ குடிநீர்க் குழாய்க்கோ செலவு செய்ய மன்றத்தில் தீர்மானம் வேண்டும். கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். தலைவர் பிடிக்கவில்லை என்பதற்காக உறுப்பினர்கள் அவரை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி அதற்கு மாவட்ட ஆட்சியர் வழியாக நீண்ட நடைமுறை இருக்கிறது. தலைவரும் உறுப்பினர்களைக் கலைத்துவிட முடியாது.

ஆக, இருவரும் தனித்தனியாக மக்களிடம் ஓட்டு வாங்கி வந்தவர்கள். ஒருவர் பதவி இன்னொருவர் கையில் இல்லை. ஆனால் ஒருவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவரால் காரியம் ஆகாது. அதிபர் முறை என்பதன் எலும்புக்கூடு இதுதான். அமெரிக்காவில் இதையே 1787-ல் நாடு முழுவதுக்குமாக எழுதினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் தேர்வான மதுரை மாவட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்காமலே தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவரும் இல்லை, தட்டிக் கேட்க உறுப்பினரும் இல்லை. சமநிலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மன்றம் என்று ஒன்று இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து ஊரில் துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்து வேலையே நின்றது. இதுவும் சமநிலைதானா?

இல்லை. இந்தக் கேள்விக்கு நான் பொறுமையாகப் பதில் சொல்வதே கஷ்டம்.

1996-ல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை ஒரு தலைவர் நிலைத்து உட்கார முடியவில்லை. வேட்புமனு போட ஆள் இல்லாமல் போனது. போட்டு வென்றவர்களும் உடனே ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார்கள். மேலவளவில் தேர்தலில் நின்று வென்ற தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இந்த வரலாறு உள்ள மண்ணில், தலைவர் நாற்காலியைத் தடுக்க முடியாதவர்கள் கையில் எடுப்பது கையெழுத்தை. பட்டியல் சாதிப் பெண் ஒருவர் தலைவராக வந்தால், துணைத் தலைவர் பேனாவைத் திறக்க மாட்டார். துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் போகாது, மோட்டார் பழுது பார்க்கப் பணம் வராது, பெயர் கெடுவது தலைவருக்கு.

சட்டம் இரட்டைக் கையெழுத்தைக் கேட்டது பணம் திருடு போகாமல் இருக்க. ஆனால் மறுப்பவர் காரணத்தை எழுதித் தர வேண்டும், இத்தனை நாளுக்குள் தர வேண்டும், தராவிட்டால் அடுத்து இன்னது நடக்கும் என்ற ஏற்பாடு நடைமுறையில் வலுவாக இல்லை. ஆட்சியர் தலையிட்டு அந்த அதிகாரத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்த நிகழ்வுகள் உண்டு. அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். தேதி இல்லாத மறுப்பு யார் கையில் இருந்தாலும் அது ஆயுதமாகிவிடும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

பிரதமர் முறைக்கும் அதிபர் முறைக்கும் வித்தியாசத்தை ஒரே வரியில் எழுதலாமா?

எழுதலாம். பிரதமர் மன்றத்திலிருந்து வருகிறார், மன்றத்தின் நம்பிக்கை போனால் போகிறார். அதிபர் மக்களிடமிருந்து வருகிறார், தவணை முடியும்போது போகிறார். மதுரை மாநகராட்சியே இரண்டையும் பார்த்திருக்கிறது. 2011-ல் மேயருக்கு நாமே ஓட்டுப் போட்டோம். 2022-ல் 100 வார்டு கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அமெரிக்க அதிபரின் வீட்டோ எப்படி வேலை செய்கிறது?

நான் மிகவும் ரசித்துச் சொல்லித்தரும் பகுதி இது. பிரதிநிதிகள் சபை, செனட் சபை இரண்டும் ஒரு மசோதாவை நிறைவேற்றி அதிபருக்கு அனுப்புகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து அவருக்குப் பத்து நாள். கையெழுத்துப் போட்டால் சட்டம். பிடிக்கவில்லையென்றால் காரணத்தை எழுதி, மசோதா எந்தச் சபையில் தொடங்கியதோ அங்கே திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் காரணம் அவைக் குறிப்பில் அப்படியே பதிவாகும். இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் மறுபடி நிறைவேற்றினால் அதிபர் என்ன நினைத்தாலும் அது சட்டம்தான்.

பத்து நாளும் சும்மா இருந்தால்? மன்றம் கூடியிருக்கும் காலமென்றால் கையெழுத்து இல்லாமலே சட்டமாகிவிடும். அதற்குள் மன்றம் கூட்டத்தொடரை முடித்துக்கொண்டு போய்விட்டால் மட்டும் மசோதா செத்துப்போகும். அதைத்தான் நம் புத்தகங்களில் பாக்கெட் வீட்டோ என்று போட்டிருக்கிறார்கள்.

பாருங்கள், மறுக்க அதிகாரம் இருக்கிறது, அதற்குக் கெடு இருக்கிறது, காரணம் வெளியே தெரிகிறது, மீறிப் போக வழியும் இருக்கிறது. நான்கும் ஒரே இடத்தில் அமைந்த ஏற்பாடு இது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தன் பதவிக்காலத்தில் 635 முறை வீட்டோ செய்தார். அதனால் அமெரிக்க மன்றம் முடங்கிவிடவில்லை. மசோதாவில் பிடிக்காத செலவு வரியை மட்டும் அடித்துவிட்டு மீதியை ஏற்க அதிபருக்கு 1996-ல் ஒரு சட்டம் அனுமதி தந்தது. மன்றம் நிறைவேற்றிய வாசகத்தை அதிபர் தனியாகத் திருத்துவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1998-ல் அதை ரத்து செய்தது.

அப்படியென்றால் அவர் ஒரே ராத்திரியில் வரி போடுகிறாரே, அவர்கள் நாடாளுமன்றம் எங்கே போனது?

2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி வந்தபோது இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன், தூத்துக்குடியில் இறால் கம்பெனியில் இருக்கும் அக்கா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் இருந்தது.

அவர்கள் அரசியலமைப்புப்படி இறக்குமதி வரி விதிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துடையது, அதிபருடையது அல்ல. நாடாளுமன்றமே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கை மாற்றிக் கொடுத்தது. 1934-ல் வெளிநாடுகளுடன் பேசி வரியைக் குறைக்க அதிபருக்கு அனுமதி. 1962-ல் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் வரி. 1974-ல் மற்ற நாடு நியாயமில்லாமல் வணிகம் செய்தால் வரி. 1977-ல் பொருளாதார அவசரநிலை அதிகாரச் சட்டம். 2025-ல் அதிபர் கையில் எடுத்தது இந்தக் கடைசிச் சட்டத்தை. வரி என்ற சொல்லே இல்லாத ஒரு சட்டத்தை வைத்து வரி போடலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். அங்கேதான் முடிச்சு. 1976-ம் ஆண்டு அவசரநிலைச் சட்டத்தை எழுதியவர்கள் கவனமாகத்தான் எழுதினார்கள்: இரு சபையும் சாதாரணப் பெரும்பான்மையில் தீர்மானம் போட்டால் அவசரநிலை முடிந்தது, அதிபர் கையெழுத்தே தேவையில்லை. 1983-ல் சாதா என்பவரின் குடியேற்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், அதிபருக்கு அனுப்பாத தீர்மானத்துக்குச் சட்ட வலிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு, அவசரநிலையை முடிக்கும் தீர்மானமும் அதே அதிபர் மேசைக்கே போக வேண்டியதாயிற்று. அவர் வீட்டோ செய்தால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2019-ல் எல்லைச் சுவருக்காக டிரம்ப் அவசரநிலை அறிவித்தபோது இதுதான் நடந்தது. இரு சபையும் அதை ரத்து செய்து ஓட்டுப் போட்டன. செனட்டில் அவருடைய சொந்தக் கட்சியினர் 12 பேர் எதிராக நின்றார்கள். அவர் வீட்டோ செய்தார். பிரதிநிதிகள் சபையில் மீறுவதற்கு நடந்த ஓட்டெடுப்பில் 248-க்கு 181. பெரும்பான்மை இருந்தது, மூன்றில் இரண்டு பங்கு இல்லை. சுவர் வேலை நடந்தது.

அதிகாரத்தைக் கொடுக்கப் பாதி ஓட்டுப் போதும், திரும்ப வாங்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் அந்த நாட்டின் கடந்த ஐம்பது வருட அரசியலில் பாதி புரிந்துவிடும்.

பணத்தை நிறுத்தி அதிபரைப் பணிய வைக்க முடியாதா? அரசு முடக்கம் என்கிறார்களே?

முடியும். மன்றம் ஒதுக்காத ஒரு டாலரையும் கருவூலத்திலிருந்து எடுக்க முடியாது. நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அதற்குள் ஒதுக்கீட்டுச் சட்டம் வராவிட்டால் அத்தியாவசியம் தவிர்த்த அலுவலகங்கள் மூடப்படும். 2025-ல் அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள், அதுவரை இல்லாத நீளம். விமானங்களை இறக்கி ஏற்றும் கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்கள் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார்கள். நம் ஊரில் இது நடக்காது, ஏனென்றால் மக்களவையில் பட்ஜெட் தோற்றால் அரசே விலக வேண்டும். அங்கே பட்ஜெட் தோற்றாலும் அதிபர் இருப்பார், மன்றமும் இருக்கும், சம்பளம் மட்டும் இருக்காது. அதிபர் முறையின் ஆகப் பெரிய குறை இது என்பேன்.

அதிபரைப் பதவியிலிருந்து நீக்கியதே இல்லையா?

அமெரிக்காவில் இல்லை. பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்ட வேண்டும், செனட் விசாரித்து மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் நீக்க வேண்டும். 1868-ல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே ஓட்டில் தப்பினார்: 35-க்கு 19, தேவை 36. 1999-ல் கிளிண்டன் தப்பினார். டிரம்ப் மீது இரண்டு முறை குற்றம் சாட்டப்பட்டது. 2021-ல் 57 பேர் குற்றவாளி என்றார்கள், அதில் ஏழு பேர் அவர் கட்சிக்காரர்கள், தேவை 67. நிக்சன் விஷயம் வேறு. 1974 ஆகஸ்டில் அவருடைய கட்சித் தலைவர்களே நேரில் போய், செனட்டில் உங்களுக்கு ஓட்டு இல்லை என்று சொன்னார்கள். இரண்டு நாளில் ராஜினாமா செய்தார்.

ஆனால் தென்கொரியாவைப் படிக்காமல் இந்தக் கேள்வியை விடாதீர்கள். 2024 டிசம்பர் 3 இரவு பத்தரை மணி வாக்கில் அதிபர் யூன் சுக் இயோல் தொலைக்காட்சியில் தோன்றி இராணுவச் சட்டம் அறிவித்தார். படைவீரர்கள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். வாசலைப் போலீஸ் மறித்ததால் 67 வயது சபாநாயகர் வேலி ஏறிக் குதித்து உள்ளே போனார். உறுப்பினர்கள் எப்படியெப்படியோ உள்ளே சேர்ந்தார்கள். ஊழியர்கள் நாற்காலிகளை அடுக்கிக் கதவை அடைத்துப் பிடித்தார்கள். இரவு ஒரு மணி வாக்கில் ஓட்டெடுப்பு. 300 பேர் கொண்ட மன்றத்தில் வந்திருந்த 190 பேரும் இராணுவச் சட்டத்தை விலக்கச் சொல்லி ஓட்டுப் போட்டார்கள். அதில் 18 பேர் ஆளுங்கட்சிக்காரர்கள். மன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் கேட்டால் அதிபர் விலக்கியே ஆக வேண்டும் என்று அவர்கள் அரசியலமைப்பின் 77-ம் பிரிவு சொல்கிறது. விடிவதற்குள் விலக்கினார்.

நீக்கும் தீர்மானத்துக்கு 200 ஓட்டு வேண்டும். டிசம்பர் 7-ல் ஆளுங்கட்சி வெளிநடப்பு செய்ததால் முதல் முயற்சி விழுந்தது. ஒரே வாரத்தில், 14-ம் தேதி, 204 ஓட்டு. 2025 ஏப்ரல் 4 அன்று அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமித்து அவரை நீக்கினார்கள். அந்த இரவில் கட்சி மாறி நின்ற பதினெட்டுப் பேரைப் பற்றித்தான் நான் வகுப்பில் அதிகம் பேசுவேன்.

இலங்கையில் ஜனாதிபதி நினைத்தால் நாடாளுமன்றத்தைக் கலைக்கலாமா? (ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் கல்லூரி மாணவி கேட்டது)

எந்த ஆண்டைப் பற்றிக் கேட்கிறாய் என்பதைப் பொறுத்தது, அம்மா. 1978 அரசியலமைப்பில் ஜெயவர்த்தன ஜனாதிபதிக்கு ஏராளமான அதிகாரத்தைச் சேர்த்தார். மன்றம் தேர்வாகி ஓராண்டு ஆனால் கலைக்கலாம். 2015-ல் வந்த 19-வது திருத்தம் அதை நாலரை ஆண்டுக்குத் தள்ளியது. அதற்கு முன் கலைக்க வேண்டுமென்றால் மன்றமே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் கேட்க வேண்டும்.

2018 அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி சிறிசேன, பிரதமர் ரணிலை நீக்கி மகிந்தவை நியமித்தார். மகிந்தவுக்கு மன்றத்தில் பெரும்பான்மை சேரவில்லை. நவம்பர் 9-ல் மன்றத்தையே கலைத்தார். சபைக்குள் மிளகாய்ப் பொடி வீசும் அளவுக்குப் போனது. டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் கலைத்தது செல்லாது என்றார்கள். மூன்று நாளில் ரணில் மறுபடி பிரதமர். 2020-ல் 20-வது திருத்தம் அந்தக் கெடுவை இரண்டரை ஆண்டாகக் குறைத்தது. 2022-ல் மக்கள் தெருவுக்கு வந்து ஜனாதிபதி கோட்டாபய நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. மிச்சக் காலத்துக்கு 225 பேர் கொண்ட மன்றம் 134 ஓட்டில் ரணிலை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் வேலியை நகர்த்தி நடும் நாட்டில் அந்த வேலியை நம்பி யாரும் நிம்மதியாக இருக்க முடியாது, முக்கியமாகச் சிறுபான்மையினர்.

நம் குடியரசுத் தலைவருக்கு வீட்டோ உண்டா?

மந்திரிசபை சொல்வதை அவர் கேட்க வேண்டும். ஆனால் 111-வது பிரிவின்படி ஒரு மசோதாவை ஒரு முறை திருப்பி அனுப்பலாம். ராமேஸ்வரத்திலிருந்து போன அப்துல் கலாம் 2006-ல் ஆதாயம் தரும் பதவி பற்றிய மசோதாவைத் திருப்பினார். மன்றம் மறுபடி அனுப்பியதும் கையெழுத்துப் போட்டார். முறையாகத் திருப்புவது என்றால் இதுதான். ஜெயில் சிங் வேறு வழியில் போனார். 1986-ல் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு இடம் தந்த அஞ்சல் மசோதாவில் கையெழுத்தும் போடவில்லை, திருப்பவும் இல்லை. அந்த மசோதா சட்டமாகாமல் போனது நல்லதுதான். ஆனால் இந்திய அரசியலமைப்பில் அமெரிக்காவின் பத்து நாளுக்குச் சமமான ஒன்று இல்லை என்பதை அது காட்டிவிட்டது.

அந்த ஓட்டையின் விலையைத் தமிழ்நாடு கொடுத்தது. சட்டமன்றம் நிறைவேற்றிய பத்து மசோதாக்கள் ஆளுநரிடம் கிடந்தன. அதில் 2020-ல் அனுப்பியதும் உண்டு. 2023 நவம்பரில் ஒப்புதல் இல்லை என்றார். சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு மறுபடி நிறைவேற்றியது. ஒப்புதல் தருவதற்குப் பதில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றதோடு கெடுவும் விதித்தது. குடியரசுத் தலைவர் 143-வது பிரிவின்படி விளக்கம் கேட்டார். நவம்பர் 20-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதவும் முடியாது, ஆனால் காரணமில்லாமல் காலவரையின்றி வைத்திருந்தால் முடிவெடுக்கச் சொல்லி உத்தரவிடலாம் என்றது. தேர்வில் இரண்டு தேதியும் கேட்பார்கள், சேர்த்துப் படியுங்கள். என் கருத்து: நீதிமன்றம் விதிக்க முடியாது என்றால் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்திக் கெடுவை எழுத வேண்டும். கோடிக்கணக்கான மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய மன்றத்தின் முடிவு, யாருமே ஓட்டுப் போடாத ஒருவர் மேசையில் ஆண்டுக்கணக்கில் தூங்கக் கூடாது.

கொரியாவில் 18 பேர் கட்சியை மீறி ஓட்டுப் போட்டது போல நம் எம்.எல்.ஏ. போட்டால் என்ன ஆகும்?

பதவி போகும். 1985-ல் சேர்த்த பத்தாவது அட்டவணைப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ ஓட்டுப் போடாமல் இருந்தாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால், தகுதி நீக்கம். முடிவு சபாநாயகர் கையில். ஓட்டே போடாமலும் பதவி போகலாம்: 2017 ஆகஸ்டில் முதல்வர் மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 எம்.எல்.ஏ.க்கள், கட்சியைத் தாமே விட்டு விலகியதாகக் கருதிச் செப்டம்பரில் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். நமக்குப் பக்கத்து மானாமதுரை, ஆண்டிபட்டி, பெரியகுளம் தொகுதிகள் அதில் உண்டு. 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019 ஏப்ரல் இடைத்தேர்தல் வரை அந்தத் தொகுதி மக்களுக்குச் சட்டமன்றத்தில் குரல் இல்லை.

பணத்துக்கு விலைபோகும் தாவலைத் தடுக்கத்தான் இந்தச் சட்டம் வந்தது, அதற்கான காரணம் அன்றைக்கு இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் சாதாரண மசோதா ஒன்றைப் பற்றிக்கூடத் தன் தொகுதிக்காக எதிர்த்து ஓட்டுப் போட முடியாத உறுப்பினர் அரசை எப்படிக் கேள்வி கேட்பார்? குடியரசுத் தலைவர் தேர்தலில் கொறடா உத்தரவு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். 1969-ல் இந்திரா காந்தி மனசாட்சிப்படி ஓட்டுப் போடச் சொல்ல, வி.வி.கிரி வென்றது புகழ்பெற்ற கதை. 1990-ல் தினேஷ் கோஸ்வாமி குழு ஒரு நடுவழி சொன்னது: தானாகக் கட்சியை விட்டு விலகினாலும், அரசு விழுமா நிற்குமா என்ற நம்பிக்கை ஓட்டெடுப்பில் கட்சியை மீறினாலும் மட்டும் பதவி போகட்டும், மற்ற ஓட்டுகளில் உறுப்பினர் தன் விருப்பப்படி போடட்டும் என்று. எனக்கு அது சரியாகப் படுகிறது. அது இன்னும் சட்டமாகவில்லை. உங்கள் தொகுதி எம்.பி. அடுத்த முறை ஊருக்கு வரும்போது சாலை, சாக்கடையோடு சேர்த்து இதையும் கேளுங்கள்.